காதியும் கங்காணியும்: ஊவாவில் இடைநிலை அதிகாரமும் அந்தஸ்தும்

ஈழத்து முஸ்லிம் விவாகச் சட்டம் பற்றி இதுவரை எழுந்த விவாதங்களை ஒருசேர நோக்குமிடத்து இரு சாராரின் குரல்களே ஓங்கி ஒலிப்பதைக் காணலாம். ஒரு சாரார் காதி நீதிமன்றத்தைச் சமயத்தின் பிரிக்கவியலா உறுப்பாகக் கொண்டு, அதன்மீது எழும் எந்த வினாவையும் சமயத்தின் மீதான வினாவாகக் கருதுகின்றனர். மறுசாரார் அதனைப் பழைமையின் எச்சமாகவும், நவீன அரசு துடைத்தெறியத் தவறிய மதச் சின்னமாகவும் காண்கின்றனர். முரண்பட்டு நிற்பினும் இவ்விரு கருத்துகளுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்றுண்டு. காதி என்பவர் அரசுக்கு முந்தியவர், அரசுக்கு வெளியே தோன்றியவர் என இரு சாராருமே கொள்கின்றனர். வரலாறு இதற்கு மாறாகவே உள்ளது. இலங்கையில் இன்று நாம் அறியும் காதி 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் உருவாக்கப்பட்டு, 1937 ஜனவரி 1ஆம் திகதி முதல் கடமையாற்றத் தொடங்கிய ஒரு பதவியாளர். பதுளையிலோ பண்டாரவளையிலோ காதியின் முன் நின்ற ஒரு பெண், சமயத்தின் முன் மட்டுமன்றிக் குடியேற்ற நாட்டு அரசின் முன்னும் நின்றாள்.

இவ்வுண்மையை ஊவா மாகாணத்தில் வைத்து ஆராய்தல் பயன்தரும் என்பது எமது கருத்து. கொழும்பு, காலி, கிழக்கிலங்கை ஆகிய இடங்களைப் போல முஸ்லிம்கள் செறிந்து வாழ்ந்த பிரதேசமன்று ஊவா. இங்கே முஸ்லிம்கள் சிங்களக் கிராமங்களுக்கும் தமிழ்த் தோட்டங்களுக்கும் இடையில், கடைவீதிகளிலும் சிற்றூர்களிலும் சிதறி வாழ்ந்தனர். சிறுபான்மையுள் சிறுபான்மையான ஒரு கூட்டத்தாருக்கு யார் பேசுவது, அவருக்கு அவ்வுரிமையை அளிப்பவர் யார் என்ற வினா இங்கு மிகக் கூர்மையாக எழுகின்றது. அதற்கும் மேலாக, கங்காணி என்னும் வேறொரு இடைநிலையாளர் வாழ்ந்த மண் இது. இருவரையும் அருகருகே வைத்து நோக்குவார் எமது ஆய்வாளருள் அரியர். முஸ்லிம் வரலாறு எழுதுவோர் தோட்டத்தின் எல்லையிலும், மலையக வரலாறு எழுதுவோர் கடைவீதியின் முனையிலும் நின்றுவிடுகின்றனர்.

சமூகம் ஒன்றுக்கு அச்சமூகத்தவர் ஒருவரையே தலைவராக நியமித்து ஆளும் உத்தி ஊவாவுக்குப் புதியதன்று. கண்டி அரசர் காலத்தில் வெல்லஸ்ஸையின் சோனகர் தவளம் எனப்படும் பொதிமாட்டு வணிகத்தில் ஈடுபட்டு, மடிகே என்னும் போக்குவரத்துப் பிரிவின் கீழ், பிரதேசத் தலைவரான திசாவையின் ஆணைக்கு உட்பட்டிருந்தனர். 1815இல் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர் ஹாஜி மரைக்கார் என்பவரை முகாந்திரமாக நியமித்து, அச்சோனகரைத் திசாவையின் பிடியிலிருந்து பிரித்தனர். 1817இல் வெடித்த ஊவா வெல்லஸ்ஸைக் கிளர்ச்சிக்கு இந்நியமனமும் ஒரு காரணமாயிற்று. கிளர்ச்சியாளரிடம் அகப்பட்ட ஹாஜி கொல்லப்பட்டார். பதுளையிலிருந்து புறப்பட்டுச் சென்ற அரசாங்கப் பிரதிநிதி வில்சனும் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டார். 1818 மார்ச்சில் வெளியான பிரகடனம் சோனகரைக் கண்டிப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து விடுவித்தது. அதே ஆண்டு நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனமோ அவ்விடுதலையைப் பெரிதும் சுருக்கிக்கொண்டது. கிளர்ச்சி நடந்தபோது தேவைப்பட்ட தனித்துவம் அது அடங்கியபின் தேவைப்படவில்லை. மேலிருந்து அளிக்கப்படும் அந்தஸ்து அளித்தவனது தேவைக்கேற்ப நீளும், குறுகும் என்பதை ஊவாச் சோனகர் ஒன்பது மாதங்களுக்குள் கண்டுகொண்டனர். ஹாஜியின் பதவி சமயப் பதவியன்று. எனினும் பின்னர் வந்த சமயப் பதவிகளின் இலக்கணத்தை அதிலேயே காணலாம்.

சட்டத்தின் வரலாற்றை இங்குச் சுருக்கமாகவே கூறுவோம். கொழும்பு மாகாண முஸ்லிம்களின் வாரிசுரிமை, விவாகம் ஆகியன பற்றிய தொகுப்பொன்றை 1806இல் பிரித்தானியர் பிரகடனம் செய்தனர். ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டதை அடிப்படையாகக் கொண்டு, முஸ்லிம் தலைவர்களின் இணக்கத்துடன் ஆக்கப்பட்டது அது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனைக் கண்டி மாகாணங்களுக்கும் விரித்தது. கொழும்புக் கரையோரத்து வணிகக் குடிகளின் வழக்காறு இவ்வாறு மலைநாட்டு முஸ்லிம்களின் சட்டமாயிற்று. இத்தொகுப்பின் ஆங்கிலம் லெப்பையைக் குறிக்கக் கிறிஸ்தவ மதகுருவுக்குரிய சொல்லையே கையாண்டது. குருத்துவம் என்னும் நிலை இல்லாத ஒரு சமயத்திற்குச் சட்டத்தின் மொழி ஒரு குருவை உண்டாக்கிக் கொடுத்தது! சொல்லளவில் நிகழ்ந்த இவ்விபத்து சொல்லளவில் நிற்கவில்லை. மணமுடித்து வைக்கும் லெப்பையும், ஊர்ப் பள்ளியை நிருவகித்த மத்திச்சம், மரைக்கார் ஆகியோரும் அரசின் கண்களில் அதிகாரிகளாகத் தோற்றம் பெறலாயினர். 1886இல் முஸ்லிம் விவாகப் பதிவுக்கெனக் கட்டளைச் சட்டமொன்று வந்தது. மத்திய மாகாணத்திலிருந்து ஊவா பிரிக்கப்பட்டுத் தனி மாகாணமானதும் அவ்வாண்டிலேயே. இது தற்செயலான இணைவாயினும், பதிவேடும் கச்சேரியும் ஒருங்கே மலையேறியதை நினைவிற்கொள்ள உதவும்.

கற்ற முஸ்லிம்களிடையே இந்த லெப்பை அதிகாரம் அக்காலத்திலேயே ஐயுறவுக்கு உட்பட்டிருந்தது என்பது மறக்கப்படலாகாது. கண்டியைச் சேர்ந்த புறக்டர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடக்கியபோது, அவர் எதிர்கொண்ட எதிர்ப்பின் ஒருபகுதி நவீன கல்வியை அஞ்சிய உள்ளூர்ச் சமயத் தலைமையிடமிருந்தே வந்தது. சட்டம் கற்ற ஒருவர் பாடசாலையும் பத்திரிகையும் நாவலும் கொண்டு சமூகத்தைப் பேசவைக்க முயன்ற அதே காலத்தில், அரசு பதிவேட்டையும் பதவியையும் கொண்டு அதே சமூகத்துக்குப் பேச்சாளரை நியமித்துக் கொண்டிருந்தது. 1885இல் சட்டநிரூபண சபையில் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டதும், 1889இல் முதலாவது முஸ்லிம் உறுப்பினர் அச்சபைக்கு நியமிக்கப்பட்டதும், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பு எழுதியதும் இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கவை. தனிச் சமூகம் என்ற உரிமைக்குத் தனிச் சட்டமும், தனிச் சட்டத்திற்குத் தனி நீதிபதியும் சான்றுகளாயின. விவாகச் சட்டம் பெண்களின் வாழ்வைப் பற்றியதாக இருந்தபோதும், அதன்மீது நடைபெற்ற பேச்சு ஆண்களின் அரசியற் பிரதிநிதித்துவம் பற்றியதாகவே அமைந்தது.

இனி, 1937இல் தோன்றிய காதியை நோக்குவோம். 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திற்கு வந்த 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் காதியாக நியமிக்கப்படத்தக்கவர் யார் என்பதைத் தெளிவாகவே வரையறுக்கின்றது. அவர் முஸ்லிம் ஆணாக இருத்தல் வேண்டும். நல்லொழுக்கமும் அந்தஸ்தும் தகுந்த தேர்ச்சியும் உடையவராக இருத்தல் வேண்டும். 'தேர்ச்சி' என்பது இன்னதென்று கூறப்படவில்லை. சட்டக் கல்வி கட்டாயமன்று. மார்க்கக் கல்விக்கும் எந்த அளவுகோலும் இல்லை. ஆனால் அந்தஸ்து மட்டும் வெளிப்படையான சட்டத் தகைமையாயிற்று. சமூகவியலாளன் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியதைச் சட்ட வரைஞரே எழுதிவைத்திருக்கும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று. ஏனைய நீதிபதிகளுக்குப் பதவியால் அந்தஸ்து வருகின்றது. காதிக்கோ அந்தஸ்தால் பதவி வருகின்றது. அவருக்கு நீதிபதிகளுக்குரிய சம்பளம் இல்லை, சிறு கொடுப்பனவே உண்டு. தனக்கெனக் கட்டடம் பெறாத காதி தமது வீட்டிலோ, பள்ளிவாசலிலோ, பாடசாலையிலோ விசாரணை நடத்தலானார். அரசு கொடுக்காது விட்ட ஊதியத்தை மதிப்பு ஈடுசெய்தது.

பதுளைக் கடைவீதியில் 'அந்தஸ்து' எதனைக் குறித்திருக்கும் என்று உய்த்துணர்தல் கடினமன்று. காப்பியும், 1880களின் பின் தேயிலையும் உருவாக்கிய ஊர்கள் இவை. பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை என்று எங்கு நோக்கினும் தோட்டத்தின் அரிசியும் துணியும் கடனும் கடைவீதி வழியே சென்றன. இலங்கைச் சோனகரும், குடிசன மதிப்பில் இந்தியச் சோனகர் எனத் தனியே எண்ணப்பட்ட தமிழகத்து மரைக்காயரும் இராவுத்தரும், படைச் சேவையின் வழி வந்து தங்கிய மலாயரும் அங்கு முஸ்லிம் சமூகமாய் அமைந்தனர். 1924இல் புகையிரதப் பாதை பதுளையை அடைந்தபோது மொத்த வணிகர் மேலும் வலுவடைந்தனர். இச்சூழலில் அந்தஸ்துடையவர் என்றால் கடையுடையவர், காணியுடையவர், பள்ளிவாசல் நிருவாகத்தில் இடமுடையவர், அரசாங்க அதிபருக்கு அறிமுகமானவர் என்றே பொருள்படும். கடன் கொடுத்தவரே நடுவராகவும் அமையக்கூடிய நிலை இது. கடைச் சிப்பந்தியின் மனைவி தாபரிப்புக் கேட்டு வரும்போது, அக்கடை முதலாளியின் உறவினரோ தொழிற் கூட்டாளியோ விசாரணை ஆசனத்தில் இருக்கும் சாத்தியத்தைச் சட்டம் கருத்திற் கொள்ளவில்லை.

அந்தஸ்தே கூலியாக அமையும் சமயப் பதவிகள் குடியேற்ற ஆட்சி தோன்றிய பிற நாடுகளிலும் இருந்துள்ளன. போர்த்துக்கேயரின் கோவைத் திருவிசாரணை மன்றம் 1560இல் நிறுவப்பட்டு, 1770களில் சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டமை நீங்கலாக 1812 வரை இயங்கியது. அதன் ஆணை செல்லும் இடங்களில் பாதிரிமார் ஆணையாளராகவும், பொதுமக்களுள் சிலர் 'பமிலியர்' எனப்படும் உள்ளூர் முகவராகவும் கடமையாற்றினர். கைது செய்தல், செய்தி கொணர்தல் ஆகியன இம்முகவர்களின் வேலை. ஆயினும் பிரேசிலில் வணிகர் பலர் இப்பதவியை நாடியமைக்கு அவ்வேலை காரணமன்று. விண்ணப்பித்தவரின் குலத்தில் யூத, முஸ்லிம் கலப்பு இல்லையென்று மன்றமே விசாரித்துச் சான்றளித்தது. வரி, வழக்கு ஆகியவற்றிற் சில சலுகைகளும் கிடைத்தன. புதுப் பணம் படைத்தவனுக்குப் பழைய குலப்பெருமையை வாங்கிக் கொடுத்த பத்திரமாக அப்பதவி பயன்பட்டது. ஊவாவைப் போர்த்துக்கேயர் என்றும் ஆளவில்லை; 1630இல் பதுளையை எரித்துத் திரும்பிய கொன்ஸ்தந்தீனு த சா ரந்தெனிவெலையில் மாண்டார். எனவே இம்மன்றத்தின் நிழல் இம்மலைகளில் விழவில்லை. அச்சமூட்டும் மதக் குற்ற விசாரணையையும் குடும்ப வழக்கு விசாரணையையும் ஒன்றாக்குதல் எமது நோக்கமன்று. தீர்ப்பின் தன்மை வேறாயினும், முகவரின் ஆசை ஒன்றே என்பதைக் காட்டவே இவ்வொப்பீடு.

இந்தியாவுடனான ஒப்பீடு இதனினும் நெருக்கமானது. ஊவாக் கடைவீதிகளின் இந்திய முஸ்லிம்களுட் பெரும்பாலார் சென்னை மாகாணத்தவர். அங்கே அரசு 1864இல் காஜி நியமனத்தையே கைவிட்டது. முஸ்லிம்களின் வேண்டுகோளை ஏற்று, சேர் செய்யித் அஹ்மத் கான் முன்மொழிந்த 1880ஆம் ஆண்டின் 12ஆவது சட்டத்தால் நியமனம் மீண்டபோது, காஜிக்கு நீதி அதிகாரமோ நிருவாக அதிகாரமோ இல்லையென்றும், அவரில்லாது நடக்கும் திருமணம் அக்காரணத்தால் குறைபடாது என்றும் அச்சட்டமே விளம்பிற்று. அங்கு அவர் மதிப்புக்குரிய சடங்காளர் மட்டுமே. விவாகரத்து வழக்குகள் சாதாரண நீதிமன்றங்களுக்குச் சென்றன. அதே பேரரசு, பாக்குநீரிணையின் இக்கரையில், அரை நூற்றாண்டின் பின்னர் காதிக்கு நீதி அதிகாரத்தை வழங்கிற்று. சமயம் ஒன்றாயிருக்க ஏற்பாடு இரண்டாயிற்று. ஆகவே காதி நீதிமன்றத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது சமயம் என்ற வாதம் இவ்விடத்தில் உடைந்துபோகின்றது. எந்த நாட்டில், எந்தக் காலத்தில், எந்த வகுப்பாருடன் அரசு உடன்பாடு செய்துகொண்டது என்பதே அதனைத் தீர்மானித்தது.

இவ்வுடன்பாட்டின் விலையை அறியச் சட்டத்தின் நடைமுறையை நோக்குதல் வேண்டும். கணவன் தலாக் கூற விரும்பின், மனைவி வாழும் பிரிவின் காதிக்கு அறிவித்தல் கொடுக்கின்றான். காதி சமாதானத்துக்கு முயல்கின்றார். அது பயனளிக்காவிடின் தலாக் கூறப்பட்டுப் பதியப்படுகின்றது. காரணம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. மனைவி பஸஹ் விவாகரத்துக் கோரினாலோ, அவள் காரணம் காட்டவும் சாட்சி கொணரவும் வேண்டும். காதியுடன் மூன்று முஸ்லிம் ஜூரிமாரும் அமர்ந்து அவளைக் கேட்பர். அப்புக்காத்தோ புறக்டரோ இருபக்கத்திலும் தோன்றலாகாது. ஏழைக்கு வழக்குச் செலவில்லை என்ற நன்மை இதனால் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அருகில், தமிழில், செலவின்றி ஒரு நீதிமன்றம் என்பது மலைப்பாதையில் நடந்துவரும் பெண்ணுக்குச் சிறிய காரியமன்று. ஆயினும் வழக்கறிஞர் இல்லாத மன்றில் பேசத்தெரிந்தவர் பக்கம் பலம் சேர்கின்றது. பேசத்தெரிந்தவர் யாரென்பது சமூகத்தில் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

தாபரிப்புப் பணத்தின் கதை இன்னும் வெளிப்படையானது. காதி தாபரிப்பை நிர்ணயிக்கலாம். கணவன் கொடாவிடின் அதனை அறவிடும் வலு அவரிடம் இல்லை. நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி, தண்டப்பணம் அறவிடுவதுபோல அறவிட வேண்டும். கௌரவம் காதியிடமும் பலவந்தம் அரசிடமும் பங்கிடப்பட்டுள்ளன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பிள்ளையை இடுப்பிற் சுமந்து நடந்து கடக்கவேண்டியவள் வழக்காளியே.

சட்டம் தரப்பினர் சார்ந்துள்ள மத்ஹபின்படி உரிமைகள் தீர்மானிக்கப்படும் என்கின்றது. இலங்கைச் சோனகர் ஷாபி மத்ஹபினர். இராவுத்தர் பொதுவாக ஹனபி மத்ஹபினர். முன்னதில் பெண்ணின் திருமணத்துக்கு வலி இன்றியமையாதவர். பின்னதில் பருவமெய்திய பெண் தானே ஒப்பந்தம் செய்யலாம். கலப்புற்ற கடைவீதி ஒன்றில் ஒரு பெண் எந்த மத்ஹபினள் என்று யார் சொல்வது? வலி நியாயமின்றி மறுத்தால் அவரது சம்மதமின்றியே மணமுடிக்க அனுமதிக்கும் அதிகாரம் காதிக்கு உண்டு. துணிந்த காதி ஒருவரின் கையில் அது பெண்ணுக்குக் கதவைத் திறக்கும். உறவுக்கும் ஊருக்கும் அஞ்சிய காதியின் கையில் அது ஏட்டிலேயே கிடக்கும். நல்ல காதிகள் இருந்தனர், இருக்கின்றனர். நீதி தனியொருவரின் நற்குணத்தைச் சார்ந்து நிற்பதே இங்கு விமர்சனத்துக்குரியது.

கடைவீதியிலிருந்து தோட்டத்துக்குச் செல்வோம். அங்கே சட்டத்தால் நியமிக்கப்பட்ட சமய நீதிபதி எவருமில்லை. ஆயினும் மாரியம்மன் கோயில் முன்றலிற் கூடிய பஞ்சாயத்து, விவாகம், பிரிவு, கடன், சாதி முறைமீறல் ஆகிய யாவற்றையும் விசாரித்தது. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வித்தல், தண்டம் கட்டுவித்தல், கோயிலில் மன்னிப்புக் கேட்பித்தல், தள்ளிவைத்தல் ஆகியன அதன் ஆயுதங்கள். அதன் தலைமையில் இருந்தவர் பெரிய கங்காணி. ஆட்களைத் திரட்டிக் கொணர்ந்தவரும், முற்பணக் கடனால் அவர்களைக் கட்டியவரும், வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு பெற்றவரும் அவரே. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, கடனைச் சுட்டிய துண்டு என்னும் சீட்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாதிருந்தது. திருவிழாவில் பரிவட்டமும் முதல் மரியாதையும் அவருக்கே உரியன. அத்திருவிழாவின் செலவோ தொழிலாளரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது. பறையர், பள்ளர், சக்கிலியர் எனப்பட்டோர் பெரும்பான்மையாக வாழ்ந்த லயங்களின் கோயிலில், மேற்சாதிக் கங்காணி ஒருவர் அம்மன் பெயரால் தீர்ப்புச் சொன்னார். துரை இதனை விரும்பினார். சிறு பூசல்கள் அவரது கந்தோருக்கு வராமலே முடிந்தன. துரைமாருட் சிலர் சமாதான நீதவான்களாகவும் நியமிக்கப்பட்டிருந்தமையின், மேன்முறையீடு என்று ஒன்று இருப்பின் அதுவும் பங்களாவையே நோக்கிற்று.

காதியையும் கங்காணியையும் ஒரே தட்டில் நிறுத்தல் ஆகாது என்பார் உளர். அது ஓரளவு சரியே. காதியின் தீர்ப்பிலிருந்து ஐவர் கொண்ட காதிகள் சபைக்கு மேன்முறையீடு உண்டு. அங்கிருந்து நாட்டின் உயர் நீதிமன்றங்களுக்கும் செல்லலாம். அவர் எழுதிவைக்கக் கடமைப்பட்டவர். கங்காணியின் தீர்ப்போ காற்றில் எழுதப்பட்டது. இவ்வேறுபாட்டின் கனம் 1948இன் பின்னரே முழுமையாகத் தெரிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தபோது, மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு எனத் தொடர்ச்சியான வதிவு நிரூபிக்கப்பட வேண்டியிருந்தது. மணமானவர் என்பதே ஓர் அரசியல் உரிமையின் படிக்கல்லாயிற்று. தோட்டத்தில் வழக்காற்றுப்படி தாலி கட்டி, கோயிலில் ஊர் சாட்சியாக நடந்த விவாகங்களுட் பல பதியப்படாதவை. அவற்றை ஏற்றுத் தீர்ப்புச் சொல்லிவந்த பஞ்சாயத்திடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை. முஸ்லிமாகப் பிறந்த இந்தியச் சிப்பந்திக்கும் அதே சட்டமே. ஆனால் அவரிடம் காவின் எழுதிய பதிவு இருக்க இடமுண்டு. குடியேற்ற அரசு ஒருவருக்குப் பதிவேட்டைக் கொடுத்தது, மற்றவருக்குப் பரிவட்டத்தை மட்டும் விட்டுவைத்தது.

இவ்வதிகாரம் என்றும் அசையாது நின்றதென்று கொள்ளலாகாது. 1940 மே மாதத்தில் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸைத் தோட்டத்தில், லங்கா சமசமாஜக் கட்சியினரின் தலைமையில் நடைபெற்ற வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிந்தெடுத்தனர். துரை அச்சபையைக் கலந்தே செயலாற்ற உடன்பட்டார். அமைதி காக்கவென அனுப்பப்பட்ட பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். பின்னர் அரசு அதனை வன்மையாக அடக்கிற்று. இப்போராட்டத்தைத் தொழிற்சங்க வரலாற்றின் ஓர் அத்தியாயமாக மட்டுமே எமது முற்போக்கு எழுத்தாளர் கூறிச்செல்கின்றனர். எமது நோக்கில் அதற்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. கங்காணியையோ துரையையோ வேண்டாது, மேலிருந்து அளிக்கப்பட்ட அந்தஸ்து எதுவுமில்லாத மனிதர், தம்மைப் போன்றவரின் தெரிவினால் மட்டும் விவகாரங்களைத் தீர்க்க அமர்ந்தமை ஊவாவில் புதுமை. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரசின் தொழிற்சங்கமும் பின்னர் தோட்டந்தோறும் தலைவரை உண்டாக்கியது. ஆயினும் தலைவர் பலர் காலப்போக்கில் கங்காணி விட்டுச்சென்ற இடத்திலேயே அமர்ந்து, கோயிற் பஞ்சாயத்தையும் அதன் பழைய ஆண்தலைமையையும் தொடர்ந்தனர் என்பதையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. வெவெஸ்ஸைச் சபைகூடப் பெண்ணின் விவாக வழக்கைக் கேட்க அமர்ந்த சபையன்று.

முற்போக்கு விமர்சகர் ஒரு தவறான சங்கடத்தில் அகப்பட்டுள்ளனர் என்பதையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். சிறுபான்மைச் சமூகம் பெரும்பான்மை வாதத்தின் தாக்குதலுக்கு உட்படும்போது, அச்சமூகத்தின் தனிச் சட்டத்தை விமர்சித்தல் தாக்குவோருக்குத் துணைபோவதாகும் என்ற அச்சம் அவர்களை வாய்மூட வைக்கின்றது. 2019இன் பின்னர் அவ்வச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் காதிமுறையை விமர்சிக்கும் குரல் முதன்முதலாகவும் மிக உறுதியாகவும் முஸ்லிம் பெண்களிடமிருந்தே எழுந்தது. 2009இல் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018 ஜனவரியில் தனது அறிக்கையை அளித்தபோது, உறுப்பினர் இரு பிரிவாகப் பிரிந்தே விதப்புரை செய்தனர். பெண்கள் காதியாக நியமிக்கப்படலாமா என்பது அவர்களைப் பிரித்த வினாக்களுள் ஒன்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையோ, முன்னரே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்று கூறி, பிரித்தானியர் செய்த உடன்பாட்டுக்குச் சுதந்திர நாட்டின் காப்புறுதியை அளித்துள்ளது. அந்நிய ஆட்சியைக் கண்டித்து மேடையேறும் அரசியல்வாதிகள் அவ்வாட்சி விட்டுச்சென்ற இவ்வேற்பாட்டை மட்டும் புனிதமெனக் கொள்வது வியப்பாகவே உள்ளது.

ஊவாவின் சமூக வரலாற்றை எழுத முற்படும் இளம் ஆய்வாளருக்குப் பதிவேடுகள் பயன்படும். விவாகப் பதிவாளர் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் சேர்ப்பித்த அப்பதிவேடுகளைத் தோட்டத்து வழக்குகள் பற்றிய வாய்மொழிச் செய்திகளோடு ஒப்பிட்டு வாசித்தல் வேண்டும். பதிவு செய்யப்பட்டமையால் மட்டும் ஒரு விவாகம் செல்லுபடியாகாது, பதியப்படாமையால் மட்டும் செல்லுபடியற்றதாகாது என்பது சட்டத்தின் நிலைப்பாடாகையால், பதிவேட்டில் இல்லாதவரையும் தேடியே செல்லவேண்டும். மணமகனின் கையொப்பத்தையும், பெண்ணுக்காக இட்ட வலியின் கையொப்பத்தையும், மணமுடித்து வைத்தவரின் கையொப்பத்தையும் பழைய பக்கங்களிற் காணலாம். மஹரின் தொகையும் எழுதப்பட்டிருக்கும். மணமகள் ஒப்பமிடுவதற்கென அப்பக்கங்களில் இடம் விடப்படவில்லை.